ஊருக்கு ஒரு வழக்கு: கூட்டாக நீதிமன்றம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், கிணற்றுத் தண்ணீர் என்று எதைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போனாலும் குடாநாட்டில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டது ஊர் முழுக்க. அப்படியென்றால் எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்காகப் போட முடியாதா? ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சட்டத்தரணி பிடித்து, தவணைக்குத் தவணை கொழும்புக்குப் பஸ் ஏறத்தான் வேண்டுமா?

சேர்ந்து போக முடியும். பலர் போயும் இருக்கிறார்கள். ஆனால் எந்த வழியில் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்து இறுதியில் கையில் கிடைப்பது மாறுகிறது. ஒரு அநியாயத்தை நிறுத்துவதற்கு, எல்லோருக்காகவும் ஒருவர் போட்ட மனுவே போதுமாக இருந்திருக்கிறது. காணியோ காசோ பங்கிடப்படும் கட்டத்தில் நீதிமன்றமும் அலுவலகங்களும் கேட்பது பெயரையும் ஆதாரத்தையும். இந்த வேறுபாடு ஆரம்பத்திலேயே விளங்காமல் போனதால், வழக்கு வென்ற பிறகும் வெறுங்கையோடு நிற்கும் நிலை வரலாம்.

சட்டத்தில் உள்ள வழிகள்

அமெரிக்கப் படங்களில் வருவதுபோல ஒரு முழு வகுப்பினருக்காக ஒரே வழக்கு நடத்தி, எல்லோருக்கும் சேர்த்து நட்டஈடு வாங்கும் தனிச் சட்டமுறை இலங்கையில் இல்லை. அதற்குக் கிட்டிய சில வழிகளே இருக்கின்றன.

முதலாவது, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு. பொதுவான அக்கறை கொண்ட பலர் இருக்கும்போது, அவர்களில் ஒருவரோ சிலரோ நீதிமன்றத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பிலும் வழக்காடலாம். ஆனால் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டிருப்பதை மற்ற எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். ஆட்கள் அதிகமென்றால் பகிரங்க விளம்பரம் மூலம் அறிவிக்க நீதிமன்றம் சொல்லலாம். அந்தச் செலவு அனுமதி கேட்டவருடையது. ஊருக்குப் பொதுவான ஒழுங்கை, மயானம், கடற்கரைத் துறை போன்ற விடயங்களுக்கு இந்தப் பிரிவு நன்றாகப் பொருந்தும். பத்துக் குடும்பத்துக்குப் பத்துத் தனித்தனிக் காணி பறிபோயிருந்தால் சிக்கல் வரும். அவர்களுடைய துன்பம் ஒரேமாதிரியானது, ஆனால் உரிமை ஒன்றல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

இரண்டாவது, அதே கோவையின் 11ஆம் பிரிவு. ஒரே வழக்குக் காரணத்திலிருந்து நிவாரணம் கோரும் பலர், ஒரே வழக்கில் பல வழக்காளிகளாகப் பெயர் கொடுத்துச் சேரலாம். இங்கே யாரும் யாருக்கும் பிரதிநிதி அல்ல. ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே நிரூபிக்க வேண்டும்.

மூன்றாவது, அரச அதிகாரத்துக்கு எதிரான மனுக்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடப்படும் அடிப்படை உரிமை மனுவும், 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடப்படும் எழுத்தாணை மனுவும் இதில் அடங்கும். போர் தின்ற நிலத்தின் பெரிய கூட்டு வழக்குகள் அநேகமாக இந்த வழியால்தான் போயிருக்கின்றன.

ஆட்கொணர்வு மனு இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அது ஓர் ஆளின் உடலைக் கேட்கும் மனு. 2009 மே மாதம் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போனபோது, இடமும் நாட்களும் சம்பவமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனு வேண்டியிருந்தது. விசாரணைக்காக அவை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு வருடக்கணக்காக இழுபட்டன. ஒரே கதையை ஒவ்வொரு தாயும் மனைவியும் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வலி. வடக்கு: பெயர் கொடுத்ததே வாதம்

1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் இருபது வருடத்துக்கு மேலாக முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தபோது, 2013 ஏப்ரலில் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. 6,381 ஏக்கர். நோக்கம், படைத் தலைமையகம் அமைப்பது. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அந்த அறிவித்தல்களில் சொல்லப்பட்ட விடயம்.

காணிச் சொந்தக்காரர்களில் பலர் சில மைல் தூரத்தில், அரசாங்கமே பதிந்து நிவாரணம் கொடுத்த முகாம்களில் இருந்தார்கள். அதனால் எல்லோருக்காகவும் ஒருவர் என்ற வழியில் இந்த வழக்கு போகவில்லை. 2013 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கலான முதல் மனுவிலேயே 1,474 மனுதாரர்கள் இருந்தார்கள். பின்னர் சேர்ந்தவர்களோடு எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது.

இரண்டாயிரம் பேரை ஒரு வழக்கில் சேர்ப்பது என்பது சாதாரண வேலை அல்ல. ஒவ்வொருவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம் எல்லாம் திரட்ட வேண்டும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்களுக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி தேட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அற்றோனித் தத்துவம் எடுக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு யார் என்று தீர்மானிக்க வேண்டும். இந்த வேலையின் பெரும்பங்கை ஊர் ஆட்களும் மீள்குடியேற்றக் குழுக்களுமே முகாம் முகாமாகச் சுமந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. ஆளைக் காணவில்லை என்று அரசு சொல்லும் இடத்தில், இரண்டாயிரம் பேர் பெயரும் முகவரியும் கொடுத்து நிற்பதே அரசின் கூற்றுக்கான பதில். ஒருவர் பொதுநல மனுப் போட்டிருந்தால் அந்தப் பதில் இந்தப் பலத்தோடு கிடைத்திருக்காது.

அதற்கு முன்பும் இங்கே ஒரு வழக்கு இருந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்கு எதிராக, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மாவை சேனாதிராஜா 2003இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். மக்களைக் கட்டம் கட்டமாகத் திருப்பி அனுப்புவது பற்றி அந்த வழக்கில் நீதிமன்றம் உத்தரவுகளும் கொடுத்தது. போர் மீண்டும் மூண்டதும் அவை பெரும்பாலும் தாளோடு நின்றன. 2015இலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டு வந்தாலும், இன்னும் சொந்தக் காணிக்குள் போகாதவர்கள் இருக்கிறார்கள். வழக்கு அழுத்தம் கொடுத்தது, கதவைத் திறந்தது பெரும்பாலும் அரசியல் மாற்றம்.

சுன்னாகம்: வென்ற பிறகு வந்த கணக்கு

சுன்னாகத்தில் நடந்தது இன்னொரு வகை. மின் உற்பத்தி நிலையத்துச் சூழலிலிருந்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்ற முறைப்பாடு 2013, 2014 அளவில் பெரிதாக வெடித்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை செய்த ஆய்வில், பரிசோதித்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு இதற்கு மாறான படத்தைக் காட்டியது. எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் சனம் தவித்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும் விடயம் வழக்காக வந்தது.

2015இல் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போனவர் சுன்னாகத்தைச் சேர்ந்தவர் அல்ல. தெற்கைச் சேர்ந்த சூழலியலாளர் கலாநிதி ரவீந்திர குணவர்தன காரியவசம். உன் கிணறா பழுதானது, நீ ஏன் வந்தாய் என்ற ஆட்சேபத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுநலனுக்காக அவர் வரலாம் என்றது. 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை வைத்து, நோதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா செலுத்த வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது.

சுன்னாகத்துக்கு இது பெரிய வெற்றி. ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 மில்லியனை 500 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 40,000 ரூபா. நீதிமன்றம் மனதில் வைத்த அளவும் அதுதான்: குறைந்தது 500 குடியிருப்பாளர்கள், ஒருவருக்கு அதிகபட்சம் 40,000. ஒரு கிணறு இறைத்துத் துப்புரவாக்கவும், சில வருடம் தண்ணீர் வாங்கிக் குடித்த செலவுக்கும் இது எம்மாத்திரம் என்று உங்களுக்குத் தெரியும். இழப்பின் ஒரு பகுதிக்காவது என்ற அளவில்தான் நீதிமன்றமும் இந்தத் தொகையைப் பார்த்தது.

தீர்ப்புக்குப் பிறகு வரும் கேள்விதான் முக்கியமானது. அந்த 500 பேர் யார்? பொதுநல மனுவில் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் இருக்காது. எந்தக் கிணறு, எந்த மாதம், என்ன பரிசோதனை முடிவு என்று தாளில் காட்டக்கூடியவர் முன்வரிசையில் நிற்பார். கண்ணால் எண்ணெய்ப் படலம் பார்த்து, மூக்கால் மணந்து, பரிசோதனைக்குக் கொடுக்காமல் கிணற்றை மூடிவிட்டவர் பின்னால் நிற்பார். இருவருக்கும் நடந்த கேடு ஒன்றுதான்.

ஒரு மனு, ஐயாயிரம் ஏக்கர்

நிறுத்துவதற்கு ஒரு மனு போதும் என்பதற்கு அண்மைய உதாரணம் 2025. அந்த ஆண்டு மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கரைக் குறிப்பிட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணி அரச காணி ஆகிவிடும் என்பது அதன் பொருள். உறுதி தொலைத்தவர், வெளிநாட்டில் இருப்பவர், காணி இந்தப் பட்டியலில் இருக்கிறது என்றே அறியாதவர் என எல்லோர் தலையிலும் கத்தி தொங்கியது.

எம்.ஏ.சுமந்திரன் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், 2025 ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் வர்த்தமானியை இடைநிறுத்தியது. அரசாங்கமும் அதை மீளப்பெற்றது. மனுவில் பெயர் இல்லாத ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு கட்டளையால் காப்பாற்றப்பட்டார்கள். அரசின் ஒரு செயல் எல்லோரையும் ஒரேநேரத்தில் தாக்கும்போது, அந்தச் செயலைத் தடுத்தால் எல்லோருக்கும் பயன். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

பல மனுக்கள் வந்தால் நீதிமன்றம் என்ன செய்யும்?

ஒரே சம்பவம் பற்றிப் பல மனுக்கள் வரும்போது அவற்றை ஒன்றாக விசாரித்து ஒரே தீர்ப்புக் கொடுக்கலாம். அல்லது ஒன்றை எடுத்து விசாரித்து, அதன் முடிவுக்கு மற்றவர்களும் கட்டுப்படுவதாகச் சட்டத்தரணிகள் இணங்கலாம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 12 மனுக்களை ஏழு நீதியரசர்கள் ஒன்றாகக் கேட்டு 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா கட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பில், பணத்தைப் பங்கிட இழப்பீடுகளுக்கான அலுவலகத்தில் ஒரு நிதியம் அமைக்கச் சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் செலுத்த உத்தரவிட்டபோதும், பங்கீட்டுக்குத் தனி ஆணைக்குழு ஒன்றை நீதிமன்றம் நியமித்தது.

பொறுப்பு யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்கிறது. யாருக்கு எவ்வளவு என்பது பிறகு இன்னொரு மேசைக்குப் போகிறது. அந்த மேசையில் உங்கள் கோவை இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே குழு வழக்குக் கட்டளை என்ற முறை இருக்கிறது. நீதிமன்றம் ஒரு குழுப் பதிவேடு திறக்கும். சேர விரும்புபவர்கள் குறித்த திகதிக்குள் பதிய வேண்டும். எல்லோருக்கும் பொதுவான கேள்விகள் எவை என்று எழுதப்படும். சில மாதிரி வழக்குகளை மட்டும் முழுமையாக விசாரித்து, பொதுக் கேள்விகளின் பதிலை மற்றவர்களுக்கும் பொருத்துவார்கள். பொதுச் செலவைப் பதிவேட்டில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வார்கள்.

அந்த முறையாலும் எல்லாம் வெல்லப்படவில்லை. பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியில் 1950களில் கென்யாவில் சித்திரவதைக்கு உள்ளானவர்களில் 5,228 பேருக்கு, 2013இல் 19.9 மில்லியன் பவுண் வழங்க பிரித்தானிய அரசு இணங்கியது. அதன் பிறகு நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கென்யர்கள் குழு வழக்காகப் போனார்கள். 2018இல் அது தோற்றது. இவ்வளவு காலம் கடந்த பின் நியாயமான விசாரணை நடத்த முடியாது என்பது முக்கிய காரணம். முதியவர்கள் இறந்திருந்தார்கள், சாட்சிகள் இல்லை, பதிவுகள் இல்லை.

இந்தியாவின் போபால் வேறொரு பாடம். 1984 விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் வழக்காடும் உரிமையை 1985இல் ஒரு சட்டத்தின் மூலம் இந்திய மத்திய அரசு தானே எடுத்துக்கொண்டது. 1989இல் 470 மில்லியன் டொலருக்கு இணக்கம் செய்தது. இணங்கலாமா என்று பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்கப்படவில்லை. உங்கள் சார்பில் யார் பேசினாலும், இணக்கம் செய்யும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டீர்களா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம்

நம் சட்டத்தில் காலம் இன்னும் இறுக்கமானது. அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஊர்க்கூட்டம் கூடி, தலைவர் தெரிவாகி, காசு சேர்ந்து முடிவதற்குள் அந்த மாதம் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கடிதங்களும் வேண்டும். நட்டஈட்டுக்காக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதென்றால், தீங்குக்கான வழக்குகளுக்குப் பொதுவாக இரண்டு வருடம்.

பதிவேட்டை நாமே திறக்கலாம்

நம் நீதிமன்றங்களில் குழுப் பதிவேடு இல்லை. அதை ஊர் செய்யலாம். மீள்குடியேற்றக் குழு, கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எதுவானாலும் இந்த வேலைகள் வழக்குக்கு முன்பே முடிந்திருப்பது நல்லது:

• ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, என்ன இழப்பு, எப்போது.

• உறுதி, வரைபடம், ஆய்வுகூட முடிவு, புகைப்படம், பொலிஸ் முறைப்பாடு ஆகியவற்றின் பிரதிகள். மூலப்பிரதியை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

• வயதானவர்களிடமிருந்து இப்போதே சத்தியக்கடதாசி. வழக்கு முடியும்வரை அவர்கள் இருப்பார்கள் என்று கணக்குப் போட முடியாது. உரிமையாளர் இறந்தால் வழக்கில் யாரைச் சேர்ப்பது என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும்.

• வெளிநாட்டில் உள்ளவர்களின் முகவரியும், தேவைப்பட்டால் அற்றோனித் தத்துவமும்.

• செலவு எப்படிப் பகிரப்படும், இணக்கப் பேச்சு வந்தால் யார் முடிவெடுப்பது, இடையில் விலக விரும்புபவர் என்ன செய்வது என்று கையெழுத்திட்ட ஒரு தாள். பணம் வந்த பிறகு எழுதப் போனால் அது சண்டையில் முடியும்.

வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. சட்டத்தரணியிடம் போகும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வழக்கு வென்றால் ஒரு செயல் நிற்குமா, அல்லது எங்களுக்கு ஒன்று கிடைக்குமா? கிடைக்கும் என்றால், என் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

வலி. வடக்கு மக்கள் 2013இல் திரட்டிய அந்த இரண்டாயிரம் பெயர்கள் வழக்குக் கோவைக்கு மட்டும் உதவவில்லை. காணி விடுவிப்புப் பற்றிய ஒவ்வொரு பேச்சிலும், இங்கே சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று காட்டும் சாட்சியாக அவை நின்றன. தீர்ப்பு எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை. பட்டியல் எங்கள் கையில்தான் இருக்கிறது.